மைக்ரான் சார்

சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் இருப்பார். ஓசூரில் தெருவுக்கு ஒருவர் நிச்சயம். லாரி, மொபெட், கைக்கடிகாரம் மூன்றும் செய்த ஊர் இது. அளவு பார்க்கிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஷிப்ட் முடிந்ததும் மற்றவர்கள் வேலையை கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். மைக்ரான் சார் வெர்னியரோடு வருவார்.

வீட்டில் அவர் அளக்காத பொருள் கிடையாது. கதவு உரசுகிறதே என்று வீட்டுக்கார அம்மா ஆசாரியைக் கூப்பிட்டால், "எவ்வளவு இழைக்கணும்னு நான் சொல்றேன், அதுக்கு மேல ஒரு சீவல் எடுக்கக் கூடாது" என்பார். ஆசாரி அப்படியே திரும்பிப் போய்விடுவார். கதவு இன்னும் உரசுகிறது. ஆயுத பூஜையன்று முதல் சந்தனப் பொட்டு வெர்னியருக்குத்தான். அதுவும் நட்டநடுவில், ஸ்கேல் வைத்துப் பார்த்து.

இப்படிப்பட்ட எங்கள் பக்கத்து வீட்டு சார் பெங்களூரில் ஒரு பழைய கார் வாங்கினார். பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். சின்ன கார்களில் பின்னால் பெரும்பாலும் டிரம்தான் என்பதால் அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். ஒருநாள் பிரேக்கை அழுத்தினால் பின்னால் கறகற. பாகலூர் ரோட்டு மெக்கானிக் தம்பி குனிந்து பார்த்து, "டிஸ்க் தேஞ்சிருச்சு சார். காலைல விடுங்க, மதியம் எடுத்துக்கலாம்" என்றான்.

"எவ்வளவு தேஞ்சிருக்கு?"

தம்பி டிஸ்க்கின் விளிம்பை விரலால் தடவி, "நிறைய" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் அவன் பிழைப்பு போயிற்று. "நிறையங்கிறது ஒரு அளவா சார்?" என்று வழியெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

புது டிஸ்க் வாங்க அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் ஜே.சி. ரோடு வரை மைக்ரோமீட்டரோடு போனார். கடையிலிருந்த டிஸ்க் அத்தனையையும் இறக்கச் சொல்லி அளந்தாராம். கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ சொன்னார் என்கிறார். என்ன சொன்னார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. லுங்கி, ஹவாய் செருப்பு, கையில் டயல் கேஜ். டார்ச் பிடிக்க நான். சக்கரத்தைக் கழற்றினார், கேலிப்பரைக் கழற்றினார். பிரேக் ஓஸில் பாரம் விழக் கூடாதென்று கேலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டார். அதெல்லாம் சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. பழைய டிஸ்க்கில் குறைந்தபட்சம் 8 மி.மீ. என்று பொறித்தே இருந்தது. முதல் அளவிலேயே 7.8 வந்துவிட்டது. அதோடு விட வேண்டியதுதானே? எட்டு இடத்தில் அளந்தார், சராசரி எடுத்தார், நோட்டில் கட்டம் போட்டு எழுதினார். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

அடுத்தது பிஸ்டன். இந்த மாதிரி பின் கேலிப்பரில் ஹேண்ட்பிரேக்குக்கான திருகு பிஸ்டனுக்குள்ளேயே இருக்கும். அதனால் முன்பக்கம் போல அழுத்தித் தள்ளினால் போகாது. திருகிக்கொண்டே அழுத்த வேண்டும். அதற்கென்று டூல் கடையில் கிடைக்கிறது. சார் வாங்குவாரா? டிராயிங் போட்டு, தெரிந்த லேத்தில் ஈ.என். 8 இரும்பில் கடையக் கொடுத்தார். டூல் வருகிற வரைக்கும் கார் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் லாரிக்காரர் தினமும் தெலுங்கில் வாழ்த்திவிட்டுப் போனார்.

டூல் வந்தது. புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்து மாட்டி, போல்ட்டை இறுக்கி, டயல் கேஜை வைத்துச் சுற்றினார். முள் அறுபது மைக்ரான் ஆடியது. ஐம்பதைத் தாண்டக் கூடாதாம். தாண்டினால் போகப் போக பிரேக் பெடல் அதிருமாம். கழற்றினார். ஹப்பில் துரு. உப்புத்தாளால் தேய்த்தார், டிஸ்க்கை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினார், மறுபடி சுற்றினார். நாற்பது. அப்போது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மகள் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றுகூட மனுஷன் இப்படிச் சிரிக்கவில்லை. எனக்கே கை தட்டலாம் போலிருந்தது.

தட்டவில்லை. காரணம், அத்தனை நாளும் அந்தக் கார் நின்றது இரண்டு ஹாலோ பிளாக் கல்லின் மேல். ஜாக்கி என்பது தூக்குவதற்கு. தாங்குவதற்கு ஜாக்கி ஸ்டாண்ட் இருக்கிறது. ஹாலோ பிளாக் விரிசல் விட்டு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு உடையாது, சட்டென்று நொறுங்கும். கம்பெனியில் ஹெல்மெட்டும் ஷூவும் இல்லாதவனை கேட்டிலேயே நிறுத்துகிற ஆள், வீட்டில் ஹவாய் செருப்போடு ஆயிரம் கிலோவுக்கு மேலான வண்டிக்கு அடியில் தலையை விடுகிறார். தாங்குகிற கல்லை மட்டும் அவர் எதாலும் அளக்கவில்லை. டயல் கேஜுக்குச் செலவழிக்க மனம் வந்தவருக்கு ஸ்டாண்ட் வாங்க வரவில்லை. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அந்த மகளுக்கும் நான் என்ன பதில் சொல்வது?

இன்னும் வலது பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அதனால் தொழிற்பேட்டை வழக்கப்படி நான் ஸ்டிரைக் அறிவித்துவிட்டேன். கோரிக்கை ஒன்றே ஒன்று: ஜாக்கி ஸ்டாண்ட் வராமல் டார்ச் பிடிக்க மாட்டேன். சார் யோசித்தார், ஒப்புக்கொண்டார், உடனே கடைக்கும் கிளம்பினார்.

மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு.