கள்ளுக்கடையை மூடினார், கல்லாப்பெட்டியைத் திறந்தார்

எல்லாச் சரக்குக்குமான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் போட்ட புண்ணியவான் யார் என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் வெள்ளைக்காரனைக் கைகாட்டிவிடுவார்கள். பாவம், அவன் கணக்கில் ஏற்கெனவே பழி நிறைய இருக்கிறது. இது முழுக்க முழுக்க நம்ம ஊர்க் கைங்கர்யம். செய்தவர் ராஜாஜி. செய்ய வைத்தது கள்ளு.

1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சருக்கு அதுதான் பட்டம். அதிகாரம் சின்னது, பெயராவது பெரிசாக இருக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். நிதி இலாகாவையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். மதுவிலக்கு மற்ற காங்கிரஸ்காரர்களுக்குத் தீர்மானம் என்றால் அவருக்குச் சொந்தப் பகை. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் போட்டு உட்கார்ந்து, குடியைத் திட்டுவதற்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தியவர். அதில் அவருக்கு உதவியாக இருந்து எழுதியவர் கல்கி. இப்படிப்பட்ட மனிதரிடம் மாகாணத்தின் சாவியைக் கொடுத்தால் முதலில் எந்தக் கடையைப் பூட்டுவார் என்பதற்கு ஜோசியம் வேண்டாம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடை, சாராயக்கடை அத்தனைக்கும் பூட்டு. அடுத்த வருஷம் சித்தூர், கடப்பை. அதற்கடுத்த வருஷம் வட ஆற்காடு.

வீட்டுப் பெண்கள் கும்பிட்டார்கள். காந்தி பக்தர்கள் மாலை போட்டார்கள். கஜானா மட்டும் மூலையில் உட்கார்ந்து அழுதது. நிலவரிக்கு அடுத்தபடி மாகாணத்துக்குப் பெரிய வரவு கலால்தான். வாத்தியார் சம்பளம், ரோடு, பாலம் எல்லாவற்றிலும் குடிமகன் தள்ளாடித் தள்ளாடிக் கொண்டுவந்து கொட்டிய காசு கலந்திருந்தது. அவனைத் திருத்தி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவன் கட்டிவந்த பணத்தை இனி யார் கட்டுவது?

ராஜாஜி வக்கீல். 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தைப் புரட்டினார். வருமான வரி டில்லிக்கு, சுங்கம் டில்லிக்கு, ருசியானது எல்லாமே டில்லிக்கு. மாகாணங்களுக்கென்று ஒதுக்கிய பட்டியலில் 48ஆவது இனமாக, பொருள் விற்பனை மீதும் விளம்பரங்கள் மீதும் வரி என்று ஒன்று அநேகமாகத் தூசி படிந்து கிடந்தது. மத்திய மாகாணக்காரர்கள் 1938இல் அதைத் தட்டியெடுத்து, பெட்ரோலுக்கும் மசகெண்ணெய்க்கும் மட்டும் வரி போட்டுப் பார்த்தார்கள். நம்மவர் பார்த்தார்: பெட்ரோலோடு ஏன் நிறுத்த வேண்டும்? பருப்பு, புளி, வேட்டி, வாளி எல்லாமும்தானே விற்கிறது?

அப்படிப் பிறந்ததுதான் 1939ஆம் ஆண்டு சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். வருஷ விற்றுமுதல் 10,000 ரூபாய் வரை வரி கிடையாது. 10,000க்கு மேல் 20,000 வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் போனால் மொத்த விற்பனையில் அரை சதவீதம். அரை சதவீதம்தானே என்று இன்றைக்கு நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது ஒருமுறை வாங்கிவிட்டு ஓய்கிற வரி அல்ல. மில்காரர் மொத்த வியாபாரிக்கு விற்கும்போது அரை, அவர் சில்லறைக் கடைக்கு விற்கும்போது அரை, சில்லறைக் கடைக்காரர் உங்களுக்கு விற்கும்போது இன்னொரு அரை. சரக்கு கைமாறும் இடமெல்லாம் சர்க்கார் கை நீட்டிக்கொண்டு நின்றது. குடிகாரன் கொடுத்துக்கொண்டிருந்ததைக் குடிக்காதவன் தவணை முறையில் கட்ட ஆரம்பித்தான். ஒழுக்கத்துக்கு ஒரு விலை உண்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைக்காரர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய வலி வேறொன்று. அதுவரை கடையின் கணக்கு மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்: முதலாளி, கணக்குப்பிள்ளை, நோட்டின் முதல் பக்கத்தில் சுழியாக உட்கார்ந்திருந்த பிள்ளையார். இப்போது நாலாவதாக ஒருவர் மூக்குக்கண்ணாடியும் பேனாவுமாக வந்து, "பேரேட்டை எடுங்க, பார்க்கணும்" என்றார். பேரேடு வந்தது. காபி வந்தது. காலப்போக்கில் நோட்டும் இரண்டானது. பிள்ளையார் சுழி போட்டது ஒன்று, அதிகாரிக்குக் காட்டுவது ஒன்று. "பில் வேணுமா சார்? பில் போட்டா டாக்ஸ் சேரும்" என்ற கீதோபதேசத்துக்கான மேடை அன்றே தயார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், 1939 அக்டோபரில் வரி நடைமுறைக்கு வந்தது; அந்த மாதக் கடைசியிலேயே மந்திரிசபை போய்விட்டது. இந்தியாவைக் கேட்காமல் யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்துக் காங்கிரஸ் தான் ஆண்ட எல்லா மாகாணங்களிலும் ராஜினாமா செய்தது. கவர்னரும் ஆலோசகர்களும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சில வருஷத்தில் மதுவிலக்கை நிறுத்திவைத்தார்கள். சேலத்தில் கடை திறந்தது. அப்படியானால் கடை மூடியதற்காகப் போட்ட வரி? அதை எடுப்பதாவது! கள்ளும் ஓடியது, வரியும் ஓடியது. வரிகளின் ஜாதகம் அப்படி: பிறந்த காரணம் செத்தாலும் அவை தீர்க்காயுசு.

மற்ற மாகாணங்கள் இதைப் பார்த்துச் சும்மா இருக்குமா? 1941இல் வங்காளம், 1944இல் பீகார், 1946இல் பம்பாய் என்று வரிசை கட்டி வந்தன. மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்று தேசம் இன்னும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறது. விற்பனை வரியில் மட்டும் எல்லா மாகாணத்துக்கும் ஒரே கருத்து.

கோர்ட்டுக்குப் போகாமலா இருப்பார்கள்? நிலக்கடலை எண்ணெய் ஆட்டிய ஒரு கம்பெனி, 'நாங்கள் உற்பத்தியாளர்கள்; எங்கள் முதல் விற்பனை மேல் போடும் வரி கலால் வரிதான்; அது டில்லி சமாசாரம், மெட்ராஸ் தொடக்கூடாது' என்று வாதாடியது. 1942இல் ஃபெடரல் கோர்ட் தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் அதை ஏற்கவில்லை. செய்ததற்காகக் கேட்கவில்லை, விற்றதற்காகத்தான் கேட்கிறார்கள்; ஆலையில் ஆட்டியதையெல்லாம் சும்மா தானம் கொடுத்துவிட்டால் இந்த வரியே கிடையாது என்கிற ரீதியில் போகிறது தீர்ப்பு. செட்டியார்கள் யாரும் இந்த யோசனையை எடுத்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

சுதந்திரம் வந்ததும் தகராறு மாகாணம் தாண்டியது. கல்கத்தாவில் தடுப்பூசி மருந்து செய்த பெங்கால் இம்யூனிட்டி கம்பெனி, பீகார்க்காரர்களுக்கு ரயிலிலும் கப்பலிலும் விமானத்திலும் மருந்து அனுப்பிக்கொண்டிருந்தது. பீகாரில் அதற்கு ஆபீஸ் இல்லை, ஏஜென்ட் இல்லை, கிடங்கு இல்லை. ஆனாலும் பீகார் சர்க்கார் ஓலை அனுப்பியது: 'எங்கள் ஊரில் வந்து இறங்குகிறது, எங்களுக்கு வரி கட்டு.' 1953இல் வேறொரு வழக்கில், சரக்கு சேரும் மாநிலம் வரி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1955இல் இந்த வழக்கில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, நாலுக்கு மூன்று என்று பிளந்து, 'அப்போது சொன்னது தப்பு' என்றார்கள். இரண்டே வருஷத்தில் அந்தர்பல்டி.

கவனித்தீர்களா, இதுதான் இன்றைய ஆன்லைன் விற்பனைத் தகராறு. செல்போனுக்குப் பதில் தபால் ஆர்டர், அவ்வளவுதான். அமெரிக்காவில் இதே கேள்வியை இன்னும் சாவகாசமாக இழுத்தார்கள். ஒரு மாநிலத்தில் கடையோ ஆளோ இல்லாத வியாபாரியிடம் அந்த மாநிலம் விற்பனை வரி வசூலிக்கச் சொல்லக்கூடாது என்று 1992இல் குவில் வழக்கில் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நிழலில் இணையக் கடைகள் ஆலமரமாகப் பெருத்தன. 2018இல் சவுத் டகோடா மாநிலமும் வேஃபேர் என்ற இணைய மேஜை நாற்காலிக் கடையும் மோதியபோதுதான், அங்கேயும் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், 'அப்போது சொன்னது தப்பு' என்று வந்தது. சவுத் டகோடா வைத்திருந்த எல்லைக்கோடு, வருஷத்துக்கு 1,00,000 டாலர் விற்பனை அல்லது 200 ஆர்டர். 26 வருஷம் எடுத்துக்கொண்டார்கள். பல்டியில் நாம் வேகம்.

1955 தீர்ப்புக்குப் பிறகு அரசியல் சட்டத்தைத் திருத்தி, 1956இல் மத்திய விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார்கள். மாநிலம் தாண்டும் விற்பனைக்குச் சரக்கு கிளம்பும் மாநிலம் வரி வாங்கிக்கொள்ளும். வாங்குபவர் பதிவு பெற்ற வியாபாரியாக இருந்து சி ஃபாரம் கொடுத்தால் குறைந்த விகிதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சி ஃபாரத்தைத் துரத்தியவர்களைக் கேளுங்கள். ஈரோட்டுக்காரர் போர்வை அனுப்பிவிட்டார், பணமும் வந்துவிட்டது, ஃபாரம் மட்டும் வராது. நாக்பூருக்குப் போன் போட்டால், "டிபார்ட்மென்டில் புஸ்தகம் தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம்" என்று பதில் வரும். அடுத்த வாரம் மூன்று வருஷம் கழித்து வரும். அதற்குள் இங்கே அசெஸ்மென்ட் முடிந்து, வித்தியாசத் தொகைக்கு நோட்டீஸ் வந்திருக்கும். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் கடிதத்துக்குக்கூட யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை.

ஓட்டல்காரர்கள் கதை தனி. ஓட்டலில் சாப்பாடு போடுவது விற்பனையே அல்ல, அது உபசாரம் என்று 1970களில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, சாப்பிட்டது போக இலையில் மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போகும் உரிமை வாடிக்கையாளருக்கு இல்லை என்பது. மிச்ச வடையைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் நம் பெரியம்மாக்களை அந்த நீதிபதிகள் பார்த்ததில்லை போலிருக்கிறது. சர்க்கார் விடுமா? 46ஆவது அரசியல் சட்டத் திருத்தம் போட்டு, சாப்பாடு போடுவதும் விற்பனைதான் என்று எழுதிக்கொண்டது. 1983 பிப்ரவரி முதல் உபசாரத்துக்கும் வரி.

2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. மாநில விற்பனை வரியின் வாரிசான வாட், மத்திய விற்பனை வரி, நுழைவு வரி எல்லாம் அதில் கரைந்தன. சரக்கு எங்கே போய்ச் சேருகிறதோ அந்த மாநிலத்துக்கு வரி என்று, பீகார் கேட்டு 1955இல் கிடைக்காமல் போனதையே 62 வருஷம் கழித்துக் கொடுத்தார்கள். வணிக வரி அலுவலகங்களில் போர்டு மாறியது, மின்விசிறி மாறவில்லை.

ஆனால் எல்லாச் சரக்கும் ஜிஎஸ்டிக்குள் போய்விடவில்லை. பெட்ரோல், டீசல் இன்னும் வெளியே. மனிதர் குடிக்கும் மதுவோ, வெளியே இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே பழைய விற்பனை வரியின் வம்சம் தமிழ்நாட்டில் இன்று மூச்சு விடுவது பெட்ரோல் பங்கிலும் டாஸ்மாக்கிலும். சாராயக் காசே வேண்டாம் என்று ஒரு மனிதர் போட்ட வரி, சாராயக் கடைக் கூரைக்கு அடியில் குடித்தனம் நடத்துகிறது. அரசாங்கத்துக்கு இதில் கூச்சம் எதுவும் கிடையாது. கூச்சப்பட்டால் பட்ஜெட் போட முடியாது.

வீட்டில் இட்லிப் பொடி அரைத்து ஆன்லைனில் விற்கிறவர்களுக்கு இந்தப் புராணத்தால் என்ன லாபம் என்றால், பெங்கால் இம்யூனிட்டியின் ஆவி இன்னும் எல்லையில்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், பெரிய இணையச் சந்தைகள் வழியாகக்கூடப் பதிவில்லாமல் விற்கலாம். 2023 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால் போதும். பதிவு பெற்றவராக இருந்தால் அந்தச் சந்தைக்காரர் உங்கள் விற்பனையில் அரை சதவீதம் பிடித்து உங்கள் கணக்கில் கட்டுவார், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ராஜாஜியின் அதே அரை.

ஆனால் மாநிலம் தாண்டினால் 40 லட்சக் கணக்கெல்லாம் செல்லாது. ஓசூருக்கு நூறு பாக்கெட் அனுப்பலாம், பதிவு வேண்டாம். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் வரும் அத்திப்பள்ளிக்கு ஒரே ஒரு பாக்கெட் அனுப்பினாலும் அது கர்நாடகம், பதிவு கட்டாயம். ஆகவே கடையைத் திறப்பதற்கு முன் டெலிவரி மாநிலம் என்ற கட்டத்தில் தமிழ்நாடு மட்டும் என்று வையுங்கள். அத்திப்பள்ளி அக்கா ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்றால், முதலில் ஆடிட்டரைப் பாருங்கள், பிறகு பொடியை அனுப்புங்கள்.