ஏனென்று கேட்டால் ஊமையா, மருமகனே?

கொழும்பில கம்ப்யூட்டர் படிச்சு ஊருக்கு வந்திருக்கிற மருமகனே, உன் புகழ் சிலாபம் மீன் சந்தை வரைக்கும் வந்திட்டுது. இறாலைப் படம் பிடிச்சா வெண்புள்ளி நோயா இல்லையா என்று உன் ஃபோன் ஒரே சொல்லில தீர்ப்புச் சொல்லுமாமே! ஏன் என்று கேட்டா மட்டும் ஊமையாம். நான் படிக்காதவன், புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி? சும்மா கேக்கிறேன்.

நீயும் சும்மா இருக்கேல்லை, ஃபோன் எங்க பாத்துது என்று காட்ட, படத்துக்கு மேல மஞ்சளும் சிவப்புமா ஒரு பூச்சுக் காட்டினாய். இறால் தலைப்பக்கம் சிவந்திருந்துது. சரி, அங்கதான் பாத்திருக்கு. ஆனா எதைப் பாத்துது? ஓட்டுப் புள்ளியையா, வெயில் பட்ட மினுக்கத்தையா? ஜூலியஸ் அடெபாயோவும் கூட்டாளிகளும் 2018இல ஒரு குசும்பு செய்தாங்க. பழக்கின வலைப்பின்னலின் எண்களைக் கலைச்சு, கத்ததையெல்லாம் மறக்கடிச்சிட்டு, மறுபடி பூச்சுப் போடச் சொன்னாங்க. சில முறைகள்ல பூச்சு பெரிசா மாறவே இல்லை. படிச்சதுக்கும் படிக்காததுக்கும் ஒரே அலங்காரம்!

இன்னொரு கூட்டம் 2016இல, இப்படிப் படம் பாத்துத் தீர்ப்புச் சொல்லுற ஒரு பெட்டியை வேணுமென்றே தப்பாப் பழக்கிச்சு. ஓநாய்ப் படத்திலெல்லாம் பனி, ஹஸ்கி நாய்ப் படத்தில பனி இல்லை. பெட்டி பனியைப் பாத்து ஓநாய் என்றுது. உன் கதை எப்படி? நோய் இறால் எல்லாம் ஆய்வுகூடத்து வெள்ளைத் தட்டில, நல்ல இறால் எல்லாம் இறால் குளத்துக்காரன் உள்ளங்கையில. உங்க அத்தை வெள்ளைத் தட்டில வச்சுத் தாற இறால் பொரியலுக்கும் வெண்புள்ளி என்று சொல்லிடப் போகுது, பாத்து.

கூகுளில இருந்த பீன் கிம் என்ற பெண் வேற வழி பிடிச்சா. வரி போட்ட படங்கள் கொஞ்சம், கண்ட கண்ட படங்கள் கொஞ்சம் காட்டி, "வரி" என்ற எண்ணம் பெட்டிக்குள்ள எந்தத் திசையில கிடக்குது என்று கண்டாங்க. அந்தத் திசைக்குத் தள்ளினா "வரிக்குதிரை" என்ற தீர்ப்பு கூடுதா என்று அளந்தாங்க. 2018இல வந்த ஆய்வு. எனக்குப் பிடிச்சது அதில வந்த கண் கதை. சீனி வருத்தம் விழித்திரையைக் கெடுக்கிறதைப் படத்தில பிடிக்கிற பெட்டியைக் கூகுள் மதுரை அரவிந்திலயும் சென்னை சங்கர நேத்ராலயாவிலயும் சோதிச்சுதல்லவா? அந்த வகைப் பெட்டிகிட்ட வைத்தியர் சொல்லுற அடையாளங்களை வச்சு விசாரிச்சாங்க. இரண்டாம் கட்டத்துக்குரிய இரத்தக் கசிவு அடையாளத்தை அது முதற்கட்டத்துக்கும் பெரிசா எடுத்திருந்துது. முதற்கட்டத்தை அடிக்கடி இரண்டாம் கட்டம் என்று அது உளறினதுக்குக் காரணம் பிடிபட்டுது.

2020இல பாங் வெய் கோ கூட்டம் ஒரு படி மேல போச்சு. முதல்ல அடையாளங்களைச் சொல், அதுக்குப் பிறகு அதை வச்சு மட்டும் தீர்ப்புச் சொல் என்று பெட்டியையே அப்படிக் கட்டினாங்க. பறவைக்கு அலகும் சிறகு நிறமும், முழங்கால் எக்ஸ்ரேக்கு எலும்பு முள்ளும். அடையாளம் தப்பென்றா மனுஷன் கைவச்சுத் திருத்தலாம், தீர்ப்பும் கூடவே திரும்பும்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தன். 1996இல இந்தக் கரை இறால் குளங்களை வெண்புள்ளி வாரிக்கொண்டு போனதைப் பாத்தவங்க இன்னும் இருக்காங்க. பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவங்ககிட்டப் போ. ஓட்டில புள்ளி, உடம்புச் சிவப்பு, கரையோரம் ஒதுங்கி மிதக்கிறது என்று அவங்களே சொல்லுவாங்க. பக்டீரியாவாலயும் ஓட்டில வெள்ளைப் புள்ளி வரும் என்றும் கேட்டுக்கொள். தீனித் தட்டில தீனி மிச்சம் கிடக்குதா என்றது உன் படத்தில விழாது, அதையும் கேட்டுப் பதியச் சொல். நோய் புகுந்தா சில நாளிலயே குளம் காலியாகும். அந்த நேரத்தில வெறும் "ஆம்" கேட்டு ஒருத்தன் குளத்தை அழிப்பானா?

ஒரு எச்சரிக்கை. அடையாளத்துக்கு ஒரு பேரைப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள்ள வேற சங்கதியைக் கடத்துற பெட்டிகளும் உண்டு என்று 2021இல ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க. சொல்லு சரியா இருந்தா போதாது, அந்தச் சொல்லை வச்சுத்தான் முடிவெடுத்துதா என்று புள்ளியை மறைச்சுப் பாத்துச் சோதி.

குளத்துக்காரன் "ஏன் தம்பி?" என்று கேட்டா முகம் சுளிக்காதே. இந்த வீட்டில நானே உங்க அத்தைக்குத் தினமும் காரணம் சொல்லித்தான் சோறு சாப்பிடுறேன். உன் பெட்டி என்ன என்னை விடப் பெரிய ஆளா?