அதோ பார் மாமா

ஒவ்வொரு டூரிஸ்ட் வேனிலும் இப்படி ஒருவர் இருப்பார். மற்ற எல்லாரும் ஊர் பார்க்கக் கிளம்பியிருப்பார்கள். இவர் வழி பார்க்கக் கிளம்பியிருப்பார். எந்த வேனில் ஏறினாலும் இவருக்குப் பெயர் 'அதோ பார் மாமா'தான்.

விடியற்காலை நாலு மணிக்கு டிரைவர் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்குள், ஜன்னல் சீட்டில் மாமாவின் துண்டு விழுந்துவிடும். அதுவும் ஏதோ ஒரு ஜன்னல் அல்ல. மதுரையிலிருந்து வடக்கே போகும் வண்டியில் காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும். போதாக்குறைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் நடுத்தடுப்பின் அரளிச்செடியும் எதிரே வரும் பஸ்ஸும்தான். கடை, குளம், மாடு, மனிதர் எல்லாம் இடப்பக்கம். பெண் பார்க்க வந்த அன்றுகூட இவருக்கு இவ்வளவு முன்யோசனை இருந்ததில்லை என்பது அத்தையின் அபிப்பிராயம்.

ஊர் எல்லை தாண்டியதும் ஆரம்பிக்கும். "அதோ பார்!"

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். மாமா ஒன்றைப் பார்த்து, வியந்து, விரலை நீட்டி, வாயைத் திறந்து, நாம் இட்லிப் பொட்டலத்தைப் பக்கத்து மடியில் வைத்துவிட்டுத் திரும்பினால் குறைந்தது ஐந்து நொடி. விராலிமலைப் பக்கத்து வயலில் அவர் காட்டிய மயில் அதற்குள் நூறு மீட்டருக்கும் பின்னால் போயிருக்கும். நமக்குக் கிடைப்பது ஒரு பஞ்சர் கடை.

"அடடா, மிஸ் பண்ணிட்டீங்களே!" என்பார். அந்த வருத்தத்துக்குள் ஒளிந்திருக்கும் சந்தோஷத்தைப் பார்க்க எந்த ஜன்னலும் தேவையில்லை.

மயிலோடு நிற்பாரா? பாதி கட்டிய வீட்டில் மீசை வரைந்து தொங்கும் திருஷ்டிப் பூசணி, புது பெயின்ட்டில் பல்லைக் காட்டும் ஐயனார் குதிரை, ஸ்கூட்டரில் புருஷன் பெண்டாட்டி நடுவே மரியாதையாக உட்கார்ந்து போகும் ஆடு என்று எதையும் விடமாட்டார். ஒரு லாரியின் பின்னால் ஓனரின் பிள்ளைகள் மூன்று பேர் பெயர் எழுதியிருந்தது. முதல் பெயர் கொட்டை எழுத்தில். மூன்றாவதற்கு இடம் போதாமல் எறும்பளவு. "கடைக்குட்டிக்கு எங்கேயும் இதே கதிதான்," என்றார் மாமா. அவரும் கடைக்குட்டி.

வேனில் இவருக்குப் பரம எதிரி, 'பார்த்தாச்சு' பார்ட்டி. ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் முடித்த வீரர். கையில் லிஸ்ட், இறங்குவார், டிக் அடிப்பார், ஏறுவார். அவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

மாமாவின் முழுச் சொரூபம் வெளிப்பட்டது மாமல்லபுரத்தில். சுமார் 90 அடி நீளப் பாறைச் சிற்பத்தின் முன்னால் கைடு தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார். ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ஜுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று அறிஞர்களே இன்னும் மல்லுக்கட்டும் இடம் அது. எங்கள் வேனும் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மாமாவைக் காணோம். தேடினால் பெரிய யானையின் பக்கத்தில் குனிந்து நிற்கிறார்.

"இங்க வாங்க, இந்தப் பூனையைப் பாருங்க!"

பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே ஒரு பூனை. விலா எலும்பு தெரிய அவர் நிற்கிறார். கீழே இது நிற்கிறது. சுற்றிலும் பயமறியாத எலிகள். 1,300 வருஷமாக அந்தப் பூனையும் தவத்தைக் கலைக்கவில்லை, எலிகளும் நகரவில்லை.

"மேலே ஒரு சாமியாரை நம்பிச் செதுக்கிட்டு, அதே பாறையில கீழே வந்து சந்தேகப்பட்டிருக்கான் பாருங்க சிற்பி!" என்றார் மாமா. கைடு சொன்ன எதுவும் எனக்கு நினைவில்லை, இது நிற்கிறது.

அடுத்து மான். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. "வானத்துல இருந்து தேவர்கள் எல்லாம் பறந்து வர்றாங்க. இதுக்கு இப்பத்தான் மூக்கு அரிக்குது!" அதற்கும் அடுத்து, பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் ஆயர். பசு கன்றை நக்குவதையும், கறப்பவர் குந்தியிருக்கும் பக்குவத்தையும் மாமா விவரிக்க விவரிக்க, அத்தை குறுக்கிட்டார்: "ஏங்க, நம்ம எதிர்வீட்டுலயும்தான் தினம் பால் கறக்கிறாங்க. என்னைக்காவது எழுந்து பார்த்திருக்கீங்களா?"

கடற்கரைக் கோயிலுக்கு டிரைவர் கொடுத்த நேரம் அரை மணி. அதில் பாதியை மாமா மாங்காய்க்காரம்மாவிடம் கழித்தார். கிளிமூக்கு மாங்காயைக் காம்போடு பிடித்து, சுற்றிச் சுற்றிக் கீறி, ஒரு அழுத்தில் பூவாக விரித்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவும் அந்த விரல்களை அவர் பல்லவர் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். அவர் போனில் அந்த மாங்காய் உண்டு, பூனை உண்டு, மானின் குளம்பு உண்டு. அத்தையும் டூருக்கு வந்திருந்தார் என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது.

தொந்தரவுதான். ஆனால் இந்த வியாதி ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் தாராசுரத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பத்தை, ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மூடி "இப்ப என்ன? இப்ப என்ன?" என்று மாமா காட்டியதிலிருந்து, பிள்ளைகள் கைடுக்குக் கல்தா கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் 'பார்த்தாச்சு' பார்ட்டியே மானைத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

திரும்பும்போது மதுராந்தகம் ஏரிப் பக்கம் சாயங்கால வெளிச்சம். திடீரென்று டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டினார். "சார்! அதோ பாருங்க!"

"நீ ரோட்டைப் பாருப்பா!" என்று மொத்த வேனும் அலறியது.

அந்த நேரம் பார்த்து மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டு, "எங்கே, எங்கே?" என்று திரும்புவதற்குள் ஐந்து நொடி ஆகிவிட்டது.

"போச்சு சார், மிஸ் பண்ணிட்டீங்களே!" என்றார் டிரைவர்.

மாமா எழுந்து முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏம்பா, அடுத்த யூ-டர்ன் எங்க வரும்?"