‘போலாம்டா’ எனும் குறிஞ்சித்திணை: வாரக்கடைசி வெளிநாட்டுப் பயணம் பற்றி ஓர் ஆய்வு

தொல்காப்பியம் தமிழர் அகவாழ்வை ஏழு திணைகளாகப் பகுத்தது. கைக்கிளையையும் பெருந்திணையையும் இரு ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, நடுவிலுள்ள ஐந்துக்குப் பொழுது, உணவு, பறவை, பறை என்று வாரி வழங்கியது. ஆனால் நண்பர்கள் ஆறு பேர் வெள்ளி இரவு விமானம் ஏறி, வெளிநாட்டு நகரம் ஒன்றைச் சுற்றிவிட்டு, ஞாயிறு இரவே வீடு திரும்பும் ஒழுக்கத்தை எந்தத் திணையில் சேர்ப்பது என்று அதில் குறிப்பு இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம் சென்னை. மூலத்தரவு ஒரு வாட்ஸ்அப் குழு. அகத்திணையில் தலைமக்களைப் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது விதி. இங்கும் அப்படியே, விதி இல்லாவிட்டாலும் அந்த ஆறு பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

குறிஞ்சிக்குரிய பொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். கல்யாண ரிசப்ஷன் முடிந்து, பந்தி முடிந்து, மண்டப வாசலில் பைக்கின் மேல் சாய்ந்து பீடா மெல்லும் நேரத்தில்தான் இது நிகழ்கிறது. ஒருவர் “எங்கயாச்சும் ஃபாரின் போலாம்டா” என்கிறார். மற்ற ஐவரும் “போலாம்டா” என்கிறார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு என்ற கேள்விகள் இந்தத் திணைக்கு விலக்கு. வீடு போய்ச் சேர்வதற்குள் குழு தொடங்கப்பட்டுவிடும்.

அதற்குப் பெயர் வைப்பதில் நான்கு நாள் போகும். இதை விளக்க நார்த்கோட் பார்க்கின்சன் இருக்கிறார். அணு உலைக்கான செலவை நொடியில் நிறைவேற்றிவிட்டு, சைக்கிள் கொட்டகையை எந்தப் பொருளில் கட்டுவது என்று நெடுநேரம் வாதாடும் நிர்வாகக் குழுவை அவர் 1957இல் வெளிவந்த தம் நூலில் வருணித்தார். அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகை எல்லோருக்கும் புரியும். பார்க்கின்சன் அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். சிங்கப்பூருக்குப் போவதா வேண்டாமா என்று அடித்துக்கொள்ளவிருக்கும் குழுவுக்கான கோட்பாடு சிங்கப்பூரிலேயே தயாராகியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் படலம். முதலாமவருக்குச் சிங்கப்பூர், அது இல்லையென்றால் கோலாலம்பூர், கடைசியாகத்தான் பாங்காக். இரண்டாமவருக்குக் கோலாலம்பூர், பாங்காக், சிங்கப்பூர் என்பது வரிசை. மூன்றாமவருக்குப் பாங்காக், சிங்கப்பூர், கோலாலம்பூர். இப்போது இரண்டிரண்டாக மோதவிட்டால் சிங்கப்பூர் கோலாலம்பூரை வெல்லும். கோலாலம்பூர் பாங்காக்கை வெல்லும். பாங்காக்கோ சிங்கப்பூரையே வென்றுவிடும். பெரும்பான்மை தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு சுற்றும் இந்தச் சங்கடத்தைப் பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785இலேயே எழுதிவைத்தார். மூன்றோ அதற்கு மேலோ தெரிவுகள் இருந்தால் எல்லா நியாயங்களுக்கும் கட்டுப்பட்ட வாக்குமுறை ஒன்று இருக்கவே முடியாது என்று கென்னத் ஆரோ 1951இல் நிறுவினார். 1972இல் நோபல் பரிசும் பெற்றார். குழுவோ இதை அறியாமல், 2022இல் வாட்ஸ்அப்பில் வந்த வாக்கெடுப்பு வசதியை நாடியது. ஒருவரே பல விடைகளைத் தேர்வு செய்யலாம் என்ற பொத்தானை அணைக்க மறந்துபோனதால் நான்கு பேர் எல்லா ஊருக்கும் வாக்களித்தார்கள். ஒருவர் கட்டைவிரலை மட்டும் உயர்த்தினார். எதற்கு என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

உண்மையில் ஊரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அது கழித்தலில் மிஞ்சுவது. ஆசைகளைக் கூட்டிப் பயனில்லை, தடைகளைக் கழிக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் மையக் கருத்து.

பட்டியலில் இருந்த துபாய் எப்படி உதிர்ந்தது என்று பார்க்கலாம். தமிழருக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே பலருடைய பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. விமான டிக்கெட் பதிவுப் பக்கமோ அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. வேறு வழியின்றி உள்ள பெயரையே இரண்டு கட்டத்திலும் இடுவார்கள். ‘முருகன் முருகன்’ என்று அடுக்குத்தொடராக ஒரு பயணி பிறப்பார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயர் இன்னொரு பக்கத்தில் அச்சாகியிருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. முதல் செய்தி குழுவில் பதினோரு முறை பகிரப்பட்டது. இரண்டாவது செய்தி வந்து சேரவேயில்லை.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். விசாவுக்கு ஃபோட்டோ வேண்டும். ஃபோட்டோவுக்கு ஒருவர் சவரம் செய்ய வேண்டும். அவர் மாலை போட்டிருந்தார். கொழும்பு, “ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம், அதெல்லாம் ஃபாரினா?” என்ற ஒரே கேள்வியில் அடிபட்டது. பாங்காக்கில் அப்போது விசாத் தொல்லை இல்லை, உணவுத் தொல்லையும் சமாளிக்கத்தக்கதே. ஆனால் “பசங்க மட்டும் பாங்காக்கா?” என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்பதற்கு ஆறு பட்டதாரிகளிடமும் விடை இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களை 30 நாள் வரை விசா இன்றி அனுமதிக்கத் தொடங்கியிருந்தது. ஆக, மிஞ்சியது கோலாலம்பூர்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப்போன தலைவனுக்காகத் தலைவி காத்திருப்பாள். இங்கே காத்திருப்பவர் ஒருங்கிணைப்பாளர். “எல்லாரும் பாஸ்போர்ட் முதல் பக்கம் அனுப்புங்கடா” என்று அவர் மாலையில் போடுகிறார். ஐவரும் பார்த்ததும் நீல டிக் விழுகிறது. பதில் இல்லை. வாட்ஸ்அப் 2014இல் நீல டிக்கைக் கொண்டுவரும்வரை, பார்க்கவில்லை போலும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவாவது வழி இருந்தது. இது முல்லையா, ஒருதலைக் காமமாகிய கைக்கிளையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கல்மன் கயிறு இழுக்கச் சொல்லிச் சோதித்து 1913இல் வெளியிட்ட முடிவு இங்கே துணைக்கு வரும். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைகிறது. நம் குழுவில் கயிற்றின் மறுமுனையில் யாரும் இல்லை; ஐவர் கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

மருதத்தை விரிக்க வேண்டியதில்லை. ஊடல், ஹோட்டல் பற்றியது. “ராத்திரி தூங்க மட்டும்தானே” கட்சிக்கும் “ஸ்விம்மிங் பூல் இல்லாம எப்டி” கட்சிக்கும் இடையிலானது. குறட்டை விடுபவருடன் யார் தங்குவது என்பது உட்துறை.

நெய்தலில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது. இரங்கல், டிக்கெட் விலை ஏறிவிட்டது என்பதற்காக. “நான் நேத்து பாக்கறப்ப கம்மியா இருந்துச்சுடா” என்பது இத்திணையின் தொடக்கச் சொல். அது பொய்யல்ல. விமான நிறுவனங்கள் ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்துவைக்கின்றன. மலிவுப் படியில் நான்கே இருக்கை மிஞ்சியிருக்கையில் ஒருவருக்குத் தேடினால் மலிவு விலை தெரியும். ஆறு பேருக்குச் சேர்த்துத் தேடினால், ஆறும் ஒன்றாகக் கிடைக்கும் மேல்படி விலையே பொதுவாக ஆறு பேருக்கும் வரும். நாலு, ரெண்டு என்று பிரித்துப் போட்டிருந்தால் நால்வருக்காவது பணம் மிஞ்சியிருக்கும். அந்த இருவர் யார் என்று முடிவு செய்வதற்குள் நான்கும் போயின.

பாலை, பிரிதல். தொல்காப்பியர் ஓதல், தூது, பொருள் எனப் பிரிவைப் பலவாகச் சொல்வார். “சாரிடா, அந்த வாரம் ப்ராஜக்ட் ரிலீஸ்” என்று ஒருவர் விலகியது பொருள்வயிற் பிரிவு என்பதில் ஐயமில்லை. நண்பகலில் செய்தி வந்தது. பாலைக்குரிய பொழுதும் அதுவே. அவருக்காக இரங்க வேண்டாம். 1,530 நெதர்லாந்துக்காரர்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, விடுமுறைக்குப் போகிறவர்களின் கூடுதல் மகிழ்ச்சி புறப்படுவதற்கு முன்பு இருப்பதையும், திரும்பியபின் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே ஆகிவிடுவதையும் கண்டது. அந்த மகிழ்ச்சியை இவர் பைசா செலவின்றி மூன்று மாதம் அனுபவித்துவிட்டார்.

பொருந்தாக் காமமாகிய பெருந்திணைக்கு எடுத்துக்காட்டு எக்செல் அட்டவணை. நள்ளிரவில் சென்னையில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் இறங்கலாம். ஆனால் அங்கே காலை ஆறரை. மலேசியக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதற்கு முன் போயிருந்தால் இரண்டு மணிதான் நட்டம். திரும்பும்போது அது கிடைத்துவிடும், சரி. ஞாயிறு நள்ளிரவில் கிடைக்கும் இரண்டரை மணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குடிவரவு வரிசை, ரயில் எல்லாம் கழிந்து ஊருக்குள் நுழைய ஒன்பது. அறை கிடைக்கும் நேரமோ மதியம் இரண்டு, மூன்று. மறுநாள் மாலை ஆறுக்கே விமான நிலையம் நோக்கிக் கிளம்ப வேண்டும். தூக்கம் போக 25 மணி நேரம். இதற்குள் 452 மீட்டர் இரட்டைக் கோபுரம், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு, ஷாப்பிங், ‘சும்மா ரிலாக்ஸ்’, 272 படியேறிப் பத்துமலை என்று பதினேழு வரிகள். குறிஞ்சித் தெய்வமாகிய முருகன் அங்கே 42.7 மீட்டர் உயரத்தில், 2006 முதல், பொன் வண்ணத்தில் நிற்கிறார். நண்பர் திருமணத்துக்குப் போன இடத்தில் தொடங்கிய குறிஞ்சி மலையடிவாரத்தில் முடிவது இலக்கணப்படி பொருத்தமே. முழங்கால்படி அல்ல.

இத்தனைக்கும் கோலாலம்பூரை உள்ளபடியே விரும்பியவர் ஒருவர்தான். ப்ராஜக்டால் பிரிந்தவர் அவரே. அமெரிக்கப் பேராசிரியர் ஜெர்ரி ஹார்வி 1974இல் எழுதிய அபிலீன் புதிர் நினைவுக்கு வருகிறது. டெக்சாஸின் கோல்மன் நகரில் 40 டிகிரி வெயில். ஏசி இல்லாத காரில் அபிலீனுக்கு 85 கிலோமீட்டர் போய், வாய்க்கு விளங்காத உணவைத் தின்றுவிட்டுத் திரும்பிய நால்வரில் ஒருவருக்குக்கூடப் போக விருப்பமில்லை. ஒவ்வொருவரும் மற்றவருக்காகத் தலையாட்டியிருந்தார்கள்.

கடைசித் தரவு, சென்னை விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் கிடைத்தது. சிக்கனத்துக்காகக் கையில் எடுத்துப்போகும் ஏழு கிலோ மட்டும் போட்ட டிக்கெட். பெட்டியை உள்ளே அனுப்ப வழியில்லை. ஒருவர் பையில் அம்மா கொடுத்தனுப்பிய சப்பாத்தி. கூடவே ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் தக்காளித் தொக்கு. லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று 2006இல் பிடிபட்டபின் உலகெங்கும் வந்த 100 மில்லிலிட்டர் வரம்பு இங்கே குறுக்கிட்டது. தொக்கு திரவமா, திடமா? நன்றாகச் சுண்டியது என்பது இவர்கள் வாதம். எண்ணெய் மிதக்கிறதே என்பது காவலரின் மறுப்பு. பாட்டிலைச் சாய்த்துக் காட்டினார். தொக்கு மெல்ல நகர்ந்தது. வழக்கு அத்துடன் முடிந்தது.

ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாக்கெடுப்பு இல்லை, எக்செல் இல்லை, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்ற பேச்சும் இல்லை. வரிசையிலிருந்து விலகி, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துச் சுவரோரம் வட்டமாக நின்று, சப்பாத்தியைப் பிய்த்தார்கள். மூன்று மாதத்தில் அந்தக் குழு ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றே. அடியில் ஒட்டியிருந்ததை யார் வழிப்பது என்பதில் மட்டும் மறுபடி மருதம் எட்டிப்பார்த்தது.