எஞ்சின் நின்றால் கல் போல விழுமா?

வாசகர் கேள்விகள்: இந்த இதழில் பனமலை, செஞ்சி வட்டாரம்

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருப்பதைச் சென்ற இதழில் இரண்டு வரியில் சொல்லியிருந்தோம். பனமலை, செஞ்சி, அனந்தபுரம் பக்கத்திலிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் ஒரே கவலை: கற்றுக்கொள்ளும்போதே ஏன் விபத்து?

கேள்வி: நடுவானில் எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல் போல விழுந்துவிடும் என்கிறார் எங்கள் ஊர் டீக்கடைக்காரர். உண்மையா சார்? (பனமலை)

விமானி சரியாக நடந்துகொண்டால் விழாது. பனையோலைக் காத்தாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் எதிர்க்காற்றே அதைச் சுற்றிவிடுகிறதல்லவா? ஹெலிகாப்டர் இறங்கும்போது அடியிலிருந்து மேலே வருகிற காற்று, தலைமேல் உள்ள விசிறியை அப்படித்தான் சுற்ற வைக்கும். தரை நெருங்கியதும் மூக்கைச் சற்றே உயர்த்தி, விசிறியில் மிச்சமிருக்கும் வேகத்தைச் செலவழித்து மெதுவாக உட்கார்ந்துவிடலாம். ஆட்டோரொட்டேஷன் என்று இதைச் சொல்வார்கள்.

ஆனால் எஞ்சின் நின்ற மறுகணமே, இடது கைப்பக்கம் இருக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோலைக் கீழே இறக்கி, விசிறி இறக்கைகளின் சாய்வைக் குறைத்தாக வேண்டும். கனமான இறக்கை கொஞ்சம் அவகாசம் தரும். சிறிய பயிற்சி ஹெலிகாப்டரின் இறக்கை எடை குறைந்தது. ஒன்றிரண்டு நொடியில் சுழற்சி தளர்ந்துவிடும். ஓர் அளவுக்குக் கீழே தளர்ந்தால் இறக்கை காற்றைப் பிடிக்காது, அப்புறம் மீட்க வழியே இல்லை. விழுகிறோம் என்று தெரிந்த மனிதக் கை இயல்பாக என்ன செய்யும்? நெம்புகோலை மேலே இழுக்கும். இழுத்தால் சாய்வு கூடும், சுழற்சி இன்னும் குறையும். புதிய மாணவர்களைக் கொல்லும் காரணங்களில் முன்வரிசையில் நிற்பது இந்த ஓர் இழுப்பு.

கேள்வி: அப்படியானால் அதைப் பலமுறை ஒத்திகை பார்த்துவிட வேண்டியதுதானே? (அனந்தபுரம்)

பார்க்கிறார்கள். அந்த ஒத்திகையிலேயே ஏராளமான ஹெலிகாப்டர்கள் நொறுங்கியிருக்கின்றன. பயிற்றுநர் எஞ்சின் சக்தியைக் குறைப்பார், மாணவர் இறக்கிக் காட்ட வேண்டும். மூக்கை உயர்த்துவது கொஞ்சம் முந்தினால் தரைக்கு மேலேயே வேகமெல்லாம் தீர்ந்து தொப்பென்று விழும். கொஞ்சம் பிந்தினால் வால் தரையில் இடிக்கும். அதனால் பல பள்ளிகளில் தரையைத் தொடாமல், சில அடி உயரத்திலேயே எஞ்சின் சக்தியைத் திரும்பக் கொடுத்து மேலேறச் சொல்கிறார்கள். தொடக்க நிலை மாணவருக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. வராத ஆபத்துக்குத் தயார் செய்கிறேன் என்று கையில் இருக்கும் மாணவனை இழப்பது எந்தக் கல்வியிலும் சேராது.

கேள்வி: கார் ஓட்டுவதைவிடக் கஷ்டமா? (செஞ்சி)

காரை நிறுத்திவிட்டு யோசிக்கலாம். ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்தினால்தான் இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் முழு வேலை.

கேள்வி: பயிற்சி ஹெலிகாப்டர்களில் எது அதிகம் விபத்துக்குள்ளானது? (விக்கிரவாண்டி)

அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் ராபின்சன் ஆர்22. இரண்டே இருக்கை, ஆட்களோடும் எரிபொருளோடும் சேர்த்து 622 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. 1975இல் முதல்முறை பறந்தது, 1979இல் சான்றிதழ் பெற்றது. ஃபிராங்க் ராபின்சன் இதைத் தனிநபர் சொந்த வாகனமாகத்தான் வடிவமைத்தார். விலையும் செலவும் குறைவு என்பதால் பயிற்சிப் பள்ளிகள் வாங்கிக் குவித்தன. அனுபவசாலியின் கையில் நன்றாகப் பறக்கும் இயந்திரம், முதல்நாள் மாணவனின் கையில் மன்னிக்காத இயந்திரம் ஆனது.

1995இல் அமெரிக்க விமானத் துறை இதற்கென்றே தனி விதி கொண்டுவந்தது. ஆர்22இல் கற்பிப்பவருக்கு ஹெலிகாப்டரில் 200 மணி நேரமாவது, அதில் 50 மணி நேரம் ஆர்22இலேயே பறந்த அனுபவம் இருக்க வேண்டும் என்றது. சுழற்சி வேகத்தைத் தானாகக் காக்கும் கவர்னர் என்ற கருவியும் அதன் பிறகு கட்டாயமானது. நல்ல விதிகள்தாம். அவை வருவதற்கு அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்ததே என்பதுதான் என் ஆற்றாமை.

கேள்வி: எங்கள் பனமலை சின்னக் குன்று, ராஜசிம்மன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலுக்குப் பிள்ளைகள்கூட ஓடியே ஏறிவிடுவார்கள். இதெல்லாம் ஹெலிகாப்டருக்கு ஒரு பொருட்டா? (பனமலை)

குன்று சின்னதாக இருக்கலாம், காற்று அப்படி நினைப்பதில்லை. காற்று மோதும் பக்கத்தில் மேலே தூக்கும், மறுபக்கத்தில் கீழே அழுத்தும். செஞ்சியின் ராஜகிரி போன்ற மலை என்றால் அந்த அழுத்தம் இன்னும் பலம். சித்திரை, வைகாசி வெயிலில் காற்று அடர்த்தி குறைந்து எஞ்சினும் இறக்கையும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். சிறிய எஞ்சினில் அந்த நேரத்துக்கு உபரி சக்தி கிடையாது.

இன்னொன்று உண்டு, அது மிகக் கொடியது. குன்றைத் தாண்டியதும் மாணவர் சைக்ளிக் என்ற முன்கோலைச் சட்டென்று முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்துகிறார் என்று வையுங்கள். ஒரு கணம் உடம்பு இருக்கையைவிட்டு எழும்புவது போல எடையற்றுப் போகும். ஆர்22 போல இரண்டே இறக்கை வைத்து, தராசுத் தட்டாக ஆடும் தலை கொண்டவற்றில் அந்தக் கணத்தில் விசிறியின் பிடி உடலை விட்டுவிடுகிறது. வால் விசிறியின் தள்ளலில் உடல் தானாக வலப்பக்கம் உருளும். மாணவர் பதறி இடப்பக்கம் கோலைத் தள்ளுவார். விசிறித் தலை சுழல்தண்டில் இடிக்கும், தண்டு முறியலாம், இறக்கை ஹெலிகாப்டரின் உடலையே வெட்டலாம். உயரம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பயனில்லை. முதலில் கோலை மெதுவாகப் பின்னே இழுத்து விசிறியில் பாரம் ஏற்ற வேண்டும், அதன் பிறகே சாய்வைச் சரிசெய்ய வேண்டும். 1996இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஆர்22இல் விசிறி உடலை வெட்டிய விபத்துகளைத் தனி ஆய்வாகவே எடுத்து அறிக்கை வெளியிட்டது. அரக்கோணத்தில் பயிற்சிக்கு இருக்கும் சேத்தக் ஹெலிகாப்டரில் மூன்று இறக்கை, தலையின் அமைப்பே வேறு. இந்த வில்லங்கம் அதற்கு இல்லை.

கேள்வி: எஞ்சினுக்குள் பனிக்கட்டி உறைந்து விபத்து என்று படித்தேன். நம் ஊரிலா? நடக்கிற கதையா? (செஞ்சி, மெக்கானிக்)

நடக்கும், தம்பி. உங்களுக்குத் தெரிந்த கார்புரேட்டர்தான். குறுகிய வழியில் காற்று பாய்வதும் பெட்ரோல் ஆவியாவதும் சேர்ந்து உள்ளே வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் இறங்கலாம். வெளியே 25 டிகிரி, மழைக்கால ஈரம் என்றால் உள்ளே உறைநிலை எட்டிவிடும். த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போதுதான் இது அதிகம். சூடான காற்றை உள்ளே விடும் குமிழை இழுத்தால் தீர்ந்தது. மாணவர் மறப்பதுதான் சிக்கல். ஐப்பசி அடைமழைக்குப் பிந்திய இதமான காலை, பறக்க அருமையான நாள் போலத் தோன்றும். கார்புரேட்டருக்கு அது ஆகாத நாள்.

கேள்வி: தரையில் நின்ற ஹெலிகாப்டர் கவிழ்ந்தது என்கிறார்கள். எப்படி? (மேல்மலையனூர்)

கிளம்பும் நொடியில். ஒரு பக்கத்துச் சறுக்குக் கால் ஈரக் களிமண்ணில் சிக்கியிருக்கும், கல்லில் தட்டியிருக்கும், அல்லது கட்டிவைத்த கயிற்றை அவிழ்க்க மறந்திருப்பார்கள். மறுபக்கம் மட்டும் எழும்பும். சாய்வு 15 டிகிரியை நெருங்கிவிட்டால் கோலை எப்படித் திருப்பினாலும் நிமிராது. விசிறியின் தூக்குவிசையே கவிழ்த்துவிடும். நெம்புகோலை நிதானமாக இறக்குவதுதான் ஒரே மருந்து. மாணவர்களோ, எழும்பிவிட்டால் சரியாகிவிடும் என்று இன்னும் இழுக்கிறார்கள். கவனித்தீர்களா, மறுபடியும் அதே இழுப்பு!

கேள்வி: எங்கள் ஏரி நிரம்பியிருந்தால் அதில் விழுந்து பிழைத்துக்கொள்ள முடியாதா? (பனமலை)

அலையில்லாத நீர்ப்பரப்பின் மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்றே கண் சொல்லாது. எஞ்சினும் விசிறியும் மேலே இருப்பதால் நீரில் விழுந்ததும் தலைகீழாகிவிடும். தலைகீழான கூண்டிலிருந்து நீருக்கடியில் வெளியேறுவதற்கென்றே கடற்படை கொச்சியில் தனிப் பயிற்சிக்கூடம் வைத்திருக்கிறது.

கேள்வி: மின்கம்பி தெரியாதா என்ன? (அனந்தபுரம்)

தெரியாது. கம்பியைத் தேடாமல், அதைத் தாங்கும் கோபுரத்தைத் தேட வேண்டும். கடக்கும்போதும் கோபுரத்துக்கு நேர் மேலே கடப்பதே நல்லது. அது கண்ணில் படும், அந்த வரிசையில் உயரமானதும் அதுவே.

கேள்வி: குன்னூரில் அனுபவசாலிகளே விழுந்தார்களே? (செஞ்சி, ஆசிரியர்)

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்ஐ-17 நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசையுணர்வு பிறழ்ந்ததே காரணம் என்றது முப்படை விசாரணை. இயந்திரக் கோளாறு இல்லை. கண்ணுக்கு அடிவானம் தெரியாதபோது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். சாய்ந்திருப்பதை நேராக இருப்பதாக நம்ப வைக்கும். தேர்ந்தவர்களுக்கே இது நேர்கிறதென்றால், சிறிய ஹெலிகாப்டரில் தனியாகப் பறக்கும் மாணவர் மேகத்தின் ஓரத்தைக்கூட நெருங்கக் கூடாது. மேகத்தைக் கண்டு திரும்பி வந்த மாணவரைக் கேலி செய்யும் பள்ளியில் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: கடைசியில் தவறு யார்மேல்? மாணவரா, ஆசிரியரா? (விக்கிரவாண்டி)

மாணவர் தவறு செய்யத்தான் வந்திருக்கிறார். எவ்வளவு தூரம் விடலாம் என்று கணிப்பது ஆசிரியரின் வேலை. மாணவர் தானே திருத்திக்கொள்ளட்டும் என்று ஆசிரியர் அரை நொடி கூடுதலாகக் காத்திருந்ததால் நேர்ந்த விபத்துகள்தாம் எனக்கு எல்லாவற்றையும்விட வலி தருபவை. இன்னொன்று, கோல் யார் கையில் என்ற குழப்பம். “என்னிடம்” என்று ஒருவர், “உங்களிடம்” என்று மற்றவர், மீண்டும் “என்னிடம்” என்று முதலாமவர்: மூன்று முறை வாய்விட்டுச் சொல்லியே கைமாற்ற வேண்டும். தலையசைப்பு போதாது.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு. பெண்கள் ஹெலிகாப்டர் ஓட்ட முடியுமா அண்ணா? (பனமலை, மாணவி)

முடியும் பாப்பா. 2024 ஜூனில் அரக்கோணம் பள்ளியிலேயே பயிற்சி முடித்துக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி ஆனார் சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் எடுத்துக்கொள். மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டும் ஆசை குறையவில்லை என்றால் உன்னைப் போன்றவர்தான் வேண்டும்.

கேள்வி: தேர்தல் நேரத்தில் வயலில் ஹெலிகாப்டர் இறங்கினால் பிள்ளைகள் ஓடுகிறார்கள். என்ன சொல்லி நிறுத்துவது? (அனந்தபுரம்)

வால் விசிறி சுழலும்போது கண்ணுக்கே தெரியாது என்று சொல்லுங்கள். பின்பக்கம் போகவே கூடாது. வேகம் குறையும்போது தலைவிசிறியின் நுனி தாழும், அதனால் நின்றுவிட்டது போலத் தோன்றும் நேரம்தான் மோசம். 2023 நவம்பரில் கொச்சிக் கடற்படைத் தளத்தில் சேத்தக்கின் இறக்கை பட்டு, தரைப்பணியில் பழகிய ஒருவரே இறந்தார். சரிவான நிலமானால் மேட்டுப் பக்கத்திலிருந்து யாரும் நெருங்கக் கூடாது. துண்டு, குடை, தட்டி, பந்தல் துணி எல்லாவற்றையும் இறங்கும் முன்பே அகற்றிவிடுங்கள். பறந்த துண்டை எடுக்க ஓடும் பெரியவரையும் பிள்ளைகளோடு சேர்த்துப் பிடித்து நிறுத்துங்கள்.