தாடைக்கு மேலே ஒரு காற்றறை

கேள்வி: மேல் கடைவாயில் எலும்பு போதாது, எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் பல் நிற்காது என்கிறார்களே, வழியுண்டா? (வாசகர், நாரணாபுரம்)

பதில்: உண்டு! கடைவாய்ப் பற்களுக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பல் போனால் எலும்பு தேயும். காலி மனையை வளைக்கும் அண்டைவீட்டுக்காரர்போல சைனஸ் கீழே இறங்கும். மருத்துவர் பக்கச் சுவரில் சின்ன ஜன்னல் திறந்து, மெல்லிய சவ்வைக் கிழியாமல் தூக்கி, அடியில் எலும்புத் துகள் நிரப்புவார். அமெரிக்காவின் ஹில்ட் டேட்டம் 1970களில் தொடங்கிய முறை. துகள் எலும்பாக இறுகப் பல மாதம் ஆகும், பொறுக்கத்தான் வேண்டும்.

தாடை எலும்பு என்றதும் தீப்பெட்டி நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளரின் தாடையையே வெண்பாஸ்பரஸ் அழுக வைத்தது. இந்தியா 1913இல் அந்தத் தீக்குச்சிகளைத் தடை செய்தது. உங்கள் பக்கத்துச் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது அதற்குப் பிறகு, 1920களில், நல்லவேளை!

ஆனால் சிவகாசித் தீக்குச்சியில் பீடி பற்றவைப்பவருக்கு ஒட்டு எலும்பு பிடிப்பது கடினம். சிகிச்சைக்கு முன்பே பீடியை நிறுத்திவிடுங்கள்.