ஆசிட் கேனோட கெளம்புன பேராண்டிக்கு

வாடா பேராண்டி! ஒரு கையில பெயிண்ட் டப்பா, மறு கையில ஆசிட் கேன், இடுப்புல கம்பி பிரஷ். தலைவர் பொறந்தநாளுக்குப் பாறையில பேரெழுதப் போறியாக்கும். கீழ உன் பேரையும் பொடியாப் போட்டுக்குவ. பொடியான்னா, தலைவர் பேரைவிட ஒரு விரக்கடை பெருசா. எழுது, எழுது. யாரு வேணாங்கிறா?

பாறை அழுக்கா கெடக்கு, ஆசிட் ஊத்தித் தேய்ச்சாதான் பெயிண்ட் பிடிக்கும்ங்கிற பாரு, அங்கதான் நீ படிச்ச படிப்பு தெரியுது. சாம்பலும் மஞ்சளுமா திட்டுத்திட்டா ஒட்டியிருக்கே, அது அழுக்கில்லடா. உயிரு. லைக்கன்னு பேராம். உங்க ஆத்தா கறிக்கொழம்புல போடுற கல்பாசிக்குப் பங்காளி. கல்பாசி எலை எலையா இருக்கும், பிச்சு எடுத்துரலாம். இது பொருக்குச் சாதி. கத்தியை விட்டு நெம்புனாலும் கல்லோட சேர்ந்துதான் பேரும். அடியில நூலு நூலா கல்லோட மணி இடுக்குக்குள்ள எறங்கியிருக்கு.

காலேஜில செடிகொடி படிக்கிற மேலத்தெருப் பொண்ணு, போன மாசம் லென்ஸை வச்சுக் காமிச்சா. காஞ்ச கம்மாக்கரம்பை கணக்கா பாளம் பாளமா வெடிச்சிருக்கு, நடுவுல கறுப்புப் புள்ளிங்க. சொம்புத் தண்ணியில ரெண்டு சொட்டு விட்டா. செத்துக் கெடந்த சாம்பல் மேல அப்பிடியே பச்சை ஏறுது! உள்ள இருக்கிற பாசி தெரியுதாம். நீ பத்து மணிக்கு மேல எந்திரிக்கிறதுக்கே உங்க ஆத்தா ஒரு கொடம் ஊத்த வேண்டியிருக்கு.

அதுல இருக்கிறது ஒத்த உயிரில்ல. காளான் வீடு கட்டிக் குடுக்கும், பாசி வெயிலை வாங்கிச் சோறாக்கும். இதை 1860-கள்ல சொன்னவரு சைமன் ஷ்வெண்டனர்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரரு. காளான்தான் எசமான், பாசி அடிமைன்னாரு. ‘ரெண்டாவது, ஒண்ணாவது’ன்னு பெரிய பெரிய படிப்பாளியே அவரைப் பாத்துச் சிரிச்சான். ரெண்டுங்கிறது சரிதான்னு பின்னாடி ஒத்துக்கிட்டாக. எசமான் சமாச்சாரம்தான் எனக்கு இடிக்குது. ஒலை வைக்கிறவ அடிமையா எசமானான்னு, கல்யாணமானவனை ஒருத்தனைக் கேட்டிருக்கலாம் அந்த மனுசன்.

அவசரக்காரன் நீ. அதுக்கு அவசரமே ஆகாது. குளுரு நாட்டு மலையில, கறுப்புக் கோடு போட்டு தேசப்படம் மாதிரியே படர்ற ஒரு சாதி இருக்கு. வருசத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. அது எவ்வளவு அகலம்னு அளந்தே, பனிப்பாறை அந்த எடத்தை விட்டு எப்பப் போச்சுன்னு 1950-ல கணக்குப் போட்டாரு ஆஸ்திரியாக்காரரு ரோலண்ட் பெஷல். அதே சாதியை 2005-ல ரஷ்யாவோட ஃபோட்டான் விண்கலத்துல ஏத்தி, வானவெளியில ரெண்டு வாரம் தெறந்து போட்டாக. காத்தில்ல, தண்ணியில்ல, வெயிலு நேரா அடிக்குது. எறக்கித் தண்ணி காட்டுனா, மறுநாளே பழையபடி சோறாக்க ஒக்காந்துருச்சு. நீ மெட்ராஸ் போயிட்டு வந்தா மூணு நாளு படுக்கை.

அந்த ஆசிட்டு கேனை நெனைச்சாத்தான் எனக்குச் சிரிப்பு வருது. இந்த லைக்கனே ஆக்சாலிக் ஆசிட்டைக் கசிய விட்டுக் கருங்கல்லையே கொஞ்சங் கொஞ்சமா அரிக்கிற ஆளு. ஆசிட்டுத் தொழில்ல ஒனக்குப் பாட்டன்டா அது! என்ன, அது ஊத்துறது ஒரு சொட்டு, எடுத்துக்கிறது நூறு வருசம். நீ ஊத்துறது ஒரு கேனு, மதியச் சோத்துக்குள்ள வேலை முடியணும்.

ஒனக்கு ஒரு நல்ல யோசனை சொல்றேன், கேளு. பாறையில எழுதுனா ஆடு மேய்க்கிறவன்தான் படிப்பான், அவனுக்கும் இங்க ஓட்டு கெடையாது. பஸ் ஸ்டாண்டுல பிளெக்ஸ் வையி. பத்து நாளுல தலைவரு வேற கட்சிக்குப் போனாலும் சுருட்டி வச்சுக்கலாம்.

டப்பாவை இங்குன வச்சுட்டுப் போ. வாசக்கதவுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு உங்க ஆத்தா பொங்கல்லயிருந்து கத்திக்கிட்டிருக்கா. என்ன கலரு, நீலமா?